எல்லாருக்கும் ஒரே திட்டம் வருகிறதே, என்ன செய்வது?

கேள்வி: அமெரிக்காவில் ஒரு தொண்டு நிறுவனத்தில் கேஸ் மேனேஜராகச் சேர்ந்து நான்கு மாதம் ஆகிறது. அதற்கு முன் ஐடி கம்பெனியில் எச்.ஆர். வேலை பார்த்தேன். ஸ்னாப் உணவு உதவி வாங்குகிறவர்களுக்குப் பயிற்சி கொடுத்து வேலையில் சேர்த்துவிடுவது எங்கள் பணி. மாநில அரசோடு ஒப்பந்தம். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக வேலைத் திட்டம் எழுத வேண்டும். முதல் சந்திப்பிலேயே முழுப் படிவத்தையும் நிரப்பிக் கையெழுத்து வாங்கிவிடச் சொல்கிறார் சூப்பர்வைசர். எழுதி முடித்துப் பார்த்தால் எல்லாருடைய திட்டமும் ஒன்றுபோலவே இருக்கிறது: ரெஸ்யூமே, வாரம் பத்து விண்ணப்பம், வேலை தேடும் வகுப்பு. பாதிப் பேர் இரண்டாவது சந்திப்புக்கு வருவதே இல்லை.

இப்போது என் கையில் இரண்டு கோப்புகள். ஒருவர் 56 வயதுக்காரர், தனி ஆள். கிடங்குகளில் வேலை பார்த்தவர், முழங்கால் வலி. "எந்த வேலையானாலும் சரி" என்கிறார். இன்னொருவர் 27 வயதுத் தாய். குழந்தைகளுக்கு 3 வயது, 7 வயது. நர்சிங் உதவியாளர் ஆக ஆசை. ஆனால் வேலைக்குப் போனால் உணவுக் கார்டை நிறுத்திவிடுவார்களே என்று பயப்படுகிறார். எங்கிருந்து தொடங்குவது?
— ஒரு வாசகி

பதில்: அன்புள்ள வாசகிக்கு,

பாதிப் பேர் திரும்பி வருவதில்லை என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதுதான் முக்கியமாகப் பட்டது. வராதவர்களை "ஆர்வம் இல்லை" என்று குறித்துக் கோப்பை மூடிவிடுவது பல அலுவலகங்களில் வழக்கம். அவர்கள் இடத்தில் இருந்து பாருங்கள். பஸ் மாறி வந்து, ஒரு மணி நேரம் உட்கார்ந்து, வாரம் பத்து விண்ணப்பம் போடச் சொல்லும் காகிதத்தோடு திரும்பிப் போகிறார். அதை அவர் தனக்குத் தானே சொல்லிக்கொண்டிருக்க முடியும். அதற்கு ஏன் மறுபடி வர வேண்டும்?

எனக்குச் சொல்ல இருப்பது ஒரே ஒரு விஷயம்தான், மற்றதெல்லாம் அதன் விளக்கம். திட்டத்தில் நீங்கள் எழுதும் ஒவ்வொரு வரியையும் பின்னால் இன்னொருவர் படிப்பார். பங்கேற்பு கட்டாயம் என்று வைத்திருக்கும் மாநிலமாக இருந்தால், அந்த இன்னொருவர் மாநிலத்தின் உணவு உதவி அலுவலகத்தில் உட்கார்ந்திருக்கும் அதிகாரி. "பத்து விண்ணப்பம் போடுவதாகக் கையெழுத்துப் போட்டார், போடவில்லை" என்று அவர் படித்தால், தக்க காரணம் காட்டாத பட்சத்தில் பயனாளியின் உணவு உதவி நிற்கும். முதல் முறை குறைந்தது ஒரு மாதம், இரண்டாம் முறை மூன்று மாதம், மூன்றாம் முறை ஆறு மாதம். மாநிலம் விரும்பினால் இதைவிடக் கூட்டலாம். ஆகவே ஒரு வரியை எழுதும் முன் உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்: இதை இவர் செய்யாமல் போனால், தப்பு இவருடையதுதான் என்று சொல்ல எனக்கு மனம் வருமா? வராது என்றால் அந்த வரி வேண்டாம்.

சூப்பர்வைசர் விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். 2018-ஆம் ஆண்டு விவசாயச் சட்டம்தான் ஸ்னாப் வேலைவாய்ப்புப் பயிற்சியில் சேரும் ஒவ்வொருவருக்கும் கேஸ் மேனேஜ்மென்ட்டைக் கட்டாயமாக்கியது. அதற்கான இறுதி விதிகள் 2021 ஜனவரியில் வந்தன. விரிவான ஆரம்ப மதிப்பீடு, தனிநபர் சேவைத் திட்டம், முன்னேற்றக் கண்காணிப்பு, பிற சேவைகளோடு ஒருங்கிணைப்பு என்று உதாரணங்களைச் சொல்கிறதே தவிர, முதல் நாளே முழுத் திட்டமும் முடிந்தாக வேண்டும் என்று மத்திய விதி எங்கும் சொல்லவில்லை. கெடு ஏதாவது இருந்தால் அது உங்கள் மாநிலக் கையேட்டிலோ ஒப்பந்தத்திலோ இருக்கும். அதை எடுத்துப் படித்துவிடுங்கள். பிறகு சூப்பர்வைசரிடம், "முதல் நாள் மூன்றே வரியில் ஆரம்பத் திட்டம், ஒரு மாதத்துக்குள் முழுத் திட்டம்" என்று கேட்டுப் பாருங்கள். தணிக்கைக்குக் காட்டத் தேதியும் கையெழுத்தும் உள்ள காகிதம் இருக்கும். உங்களுக்கும் மூச்சுவிட நேரம் கிடைக்கும். கோப்பில் காகிதம் இல்லாமல் போய்விடுமோ என்பதுதான் பெரும்பாலான மேலதிகாரிகளின் கவலை. அது தீர்ந்துவிட்டால் மறுப்புச் சொல்ல மாட்டார்கள்.

இனி அந்த முதல் மணி நேரம். ரெஸ்யூமேயில் ஆரம்பிக்காதீர்கள். எச்.ஆரில் இருந்தவர்களுக்குக் கை தானாக அங்கேதான் போகும், தெரியும். போன வாரத்தில் ஒரு சாதாரண நாளைச் சொல்லச் சொல்லுங்கள். செவ்வாய்க்கிழமை எத்தனை மணிக்கு எழுந்தீர்கள், குழந்தையை யார் பள்ளிக்கு அனுப்பினார்கள், பஸ் எங்கே ஏறினீர்கள், ராத்திரி தூங்க எத்தனை மணி ஆனது. இருபது நிமிடத்தில் அவருடைய வாரம் உங்கள் முன்னால் இருக்கும். எந்த மணியில் வேலை பார்க்க முடியும், எங்கே முடியாது, யார் உதவிக்கு இருக்கிறார்கள், போனில் பேசக் காசு மிச்சம் இருக்கிறதா, எல்லாம் அதிலேயே வந்துவிடும். "உங்களுக்கு என்னென்ன தடைகள்?" என்று படிவத்தில் இருப்பதுபோல் கேட்டால் "ஒன்றும் இல்லை" என்றுதான் பதில் வரும். முன்பின் தெரியாத ஆளிடம் யார் தன் தடைகளைப் பட்டியல் போடுவார்கள்?

அதே சந்திப்பில் இன்னொன்றையும் பார்த்துவிடுங்கள். புகைப்பட அடையாள அட்டையும் சோஷியல் செக்யூரிட்டி கார்டும் கையில் இருக்கின்றனவா? புது வேலையில் சேரும்போது, அமெரிக்காவில் வேலை செய்ய அனுமதி உள்ளவரா என்று சரிபார்க்கும் ஐ-9 படிவத்துக்கு ஆவணம் காட்டியாக வேண்டும். பாஸ்போர்ட் மாதிரி ஒரே ஆவணம் எல்லாரிடமும் இருக்காது. பலர் ஓட்டுநர் உரிமமும் சோஷியல் செக்யூரிட்டி கார்டும் சேர்த்துத்தான் காட்டுவார்கள். வீடு மாறி மாறி இருந்தவர்களிடம் இவை தொலைந்திருக்கும். வேலை கிடைத்த பிறகு இது தெரிந்தால் அந்த வேலை போய்விடும். மாற்று சோஷியல் செக்யூரிட்டி கார்டுக்குக் கட்டணம் இல்லை. பலருடைய திட்டத்தில் முதல் வரியாக இருக்க வேண்டியது இதுதான். படிக்க அற்பமாகத் தெரியும், பரவாயில்லை.

சரி, 56 வயதுக்காரருக்கு வருவோம். அவருக்குத் திட்டம் எழுதும் முன் அவர் எந்த விதிக்குள் வருகிறார் என்று பார்க்க வேண்டும். பிள்ளைகள் பொறுப்பு இல்லாத, வேலை செய்யும் உடல்நிலை உள்ளவர்கள் 36 மாதத்தில் மூன்று மாதம்தான் ஸ்னாப் வாங்கலாம், அதற்கு மேல் வேண்டுமானால் மாதம் 80 மணி நேரம் வேலையிலோ பயிற்சியிலோ இருக்க வேண்டும் என்பது 1996-ஆம் ஆண்டுச் சட்டம். ஏபாட் விதி என்று உங்கள் அலுவலகத்தில் சொல்வார்கள். வெகுகாலம் இது 49 வயதோடு நின்றது. 2023-ஆம் ஆண்டுச் சட்டம் படிப்படியாக 54 வரை கொண்டுபோனது. 2025 ஜூலையில் வந்த சட்டம் 64 வரை நீட்டிவிட்டது. பிள்ளைகளைக் காரணம் காட்டி விலக்குப் பெற இனி 14 வயதுக்குக் கீழ் பிள்ளை இருக்க வேண்டும். வீடற்றவர்கள், முன்னாள் படைவீரர்கள், பெற்றோரிடம் இல்லாமல் அரசின் ஃபாஸ்டர் பராமரிப்பில் வளர்ந்த இளைஞர்கள் ஆகியோருக்கு 2023-இல் கொடுத்த விலக்கையும் அதே சட்டம் எடுத்துவிட்டது. ஆக, இவர் சமீபத்தில்தான் இந்த மூன்று மாதக் கெடுவுக்குள் வந்திருக்கிறார். அது அவருக்கே தெரியாமல் இருக்கலாம். "உங்கள் கணக்கில் எத்தனை மாதம் ஓடிவிட்டது?" என்று மாநில அலுவலகத்தில் கேட்டு வாங்கி, அந்தத் தேதியைக் கோப்பின் மேலேயே எழுதிவையுங்கள்.

இப்போது உங்கள் வழக்கமான திட்டத்தை இவருக்குப் பொருத்திப் பாருங்கள். ரெஸ்யூமே, விண்ணப்பம், வேலை தேடும் வகுப்பு. ஸ்னாப் பயிற்சியின் கீழ் வேலை தேடுவதும் வேலை தேடக் கற்பதும் அந்த 80 மணியில் பாதிக்கும் குறைவாகத்தான் இருக்கலாம். மீதி வேறு பயிற்சியாகவோ உண்மையான வேலையாகவோ இருந்தாக வேண்டும். அதாவது, நீங்கள் எழுதிக் கொடுத்ததை ஒரு வரி விடாமல் செய்து முடித்தாலும் நான்காவது மாதம் அவர் கார்டு நின்றுவிடும். இதற்காகத்தான் ஒரே திட்டத்தை எல்லாருக்கும் எழுதக் கூடாது என்கிறேன். வித்தியாசமாக இருந்தால் பார்க்க அழகு என்பதற்காக இல்லை.

அதற்கும் முன்னால் அவர் முழங்கால். வேலை செய்ய உடல் தகுதி இல்லாதவர்களுக்கு இந்த விதியிலிருந்து விலக்கு உண்டு. பார்த்தாலே தெரியும்படி இல்லையென்றால் சான்று வேண்டும். அதை மருத்துவர்தான் தர வேண்டும் என்பதில்லை. நர்ஸ் பிராக்டிஷனர், பிசிஷியன் அசிஸ்டன்ட், உரிமம் பெற்ற சமூகப் பணியாளர் போன்றவர்கள் எழுதித் தரலாம். மருத்துவர் அப்பாயின்ட்மென்டுக்கு இரண்டு மாதம் காத்திருக்கும் ஆளுக்கு இது பெரிய விஷயம். பலர் வாயால் "வலி இருக்கிறது, ஆனால் சமாளிப்பேன்" என்றுதான் சொல்வார்கள். விலக்குக் கேட்பது கையேந்துவதுபோல் அவர்களுக்குத் தோன்றும். நீங்கள் கேட்க வேண்டிய விதம் வேறு: எவ்வளவு நேரம் நிற்க முடியும்? எத்தனை படி ஏறினால் உட்கார வேண்டியிருக்கிறது? கடைசி வேலையை எதனால் விட்டீர்கள்? பதிலைக் கேட்டுவிட்டு, விலக்குக்கு மனுப் போடலாமா, வலியோடு ஒத்துப்போகும் வேலை தேடலாமா என்பதை அவரே முடிவு செய்யட்டும். விலக்குப் பெற்றவரும் விரும்பினால் பயிற்சியில் சேரலாம் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

ஒரு கட்டத்தில் இந்தப் பயிற்சி இவருக்குப் பொருந்தவே இல்லை என்று உங்களுக்குத் தெரிந்தால், அதைச் சொல்லும் அதிகாரமும் கடமையும் உங்களைப் போன்ற பயிற்சி நிறுவனத்துக்கு உண்டு. அப்படி முடிவு செய்த 10 நாளுக்குள் மாநில அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். அவர்கள் வேறு பொருத்தமான பயிற்சிக்கு அனுப்ப வேண்டும், அல்லது உடல், மனத் தகுதியை மறுபடி பார்க்க வேண்டும், அல்லது வேறு திட்டங்களோடு இணைக்க வேண்டும். இதைச் செய்யாமல் "வரவில்லை" என்று மட்டும் பதிவு செய்வதுதான் நிறைய இடங்களில் நடக்கிறது. எனக்கு இதில் கோபம் உண்டு, மறைக்கவில்லை.

அவர் வேலைதான் வேண்டும் என்றால், "எந்த வேலையானாலும் சரி" என்பதை இலக்காக எழுதிவிடாதீர்கள். அதை மறுபடி திறக்க எனக்குத் தெரிந்த நல்ல கேள்வி: "செய்த வேலைகளில் எதற்கு மறுபடி போகவே மாட்டீர்கள்?" இதற்கு யாரும் யோசிப்பதில்லை, உடனே பதில் வரும். இரவு ஷிப்ட் வேண்டாம் என்பார், சுமை தூக்குவது வேண்டாம் என்பார். அப்புறம், அதே கிடங்கில் அலுக்காமல் செய்த வேலை எது என்று கேளுங்கள். சரக்கு வந்ததைச் சரிபார்த்துக் கணக்கு எழுதுவது என்று சொன்னாரானால், சரக்கு வரவேற்பு எழுத்தர், உதிரிபாகக் கவுன்டர், மருத்துவமனை சப்ளை அறை என்று பாதை திறக்கும். தொழிலாளர் துறையின் ஓநெட் தளத்தில் இலவச ஆர்வக் கணிப்பு ஒன்று இருக்கிறது. 60 கேள்வி உள்ள அதன் சுருக்கப் படிவமே போதும். அது சொல்வதை வேதவாக்காக எடுக்க வேண்டாம். பேச்சைத் தொடங்க நன்றாக உதவும், அவ்வளவுதான்.

கிடங்கு ஆள் என்றதும் ஃபோர்க்லிஃப்ட் வகுப்புக்கு அனுப்புவது ஒரு வழக்கமாகிவிட்டது. சீக்கிரம் முடியும், சான்றிதழ் வரும், அறிக்கையில் எண்ணிக்கை ஏறும். ஆனால் தொழிலிடப் பாதுகாப்பு விதிப்படி, ஓட்டுநரைப் பயிற்றுவித்து மதிப்பிட்டுச் சான்று கொடுக்க வேண்டியவர் வேலை கொடுப்பவர். வெளியில் வாங்கிய அட்டை அங்கே தானாகச் செல்லாது. அந்த ஊரில் உள்ள கிடங்குகள் அந்த அட்டையைப் பார்த்து வேலைக்கு எடுக்கின்றனவா என்று இரண்டு இடத்துக்குப் போன் போட்டுக் கேட்டுவிட்டு அனுப்புங்கள். முழங்கால் வலியோடு நாளுக்கு நாற்பது தடவை ஏறி இறங்க முடியுமா என்பதையும் அவரிடம் கேளுங்கள்.

80 மணியை நிரப்ப வழிகள் உண்டு. வாரம் 10 மணி நேரப் பகுதிநேர வேலை கிடைத்தால் மாதத்தில் 40-க்குச் சற்று மேல் ஆகிவிடும்; மீதியைப் பயிற்சி நேரத்தால் நிரப்பலாம், இரண்டையும் கூட்டிக்கொள்ள விதி இடம் தருகிறது. சம்பளம் இல்லாத தன்னார்வ வேலையும், மாநிலம் கேட்கும்படி கடிதம் வாங்கி வைத்தால் கணக்கில் சேரும். மாநிலத்தில் வொர்க்ஃபேர், அதாவது வாங்கும் உதவிக்கு ஈடாகச் சம்பளமின்றி வேலை செய்யும் ஏற்பாடு, இருந்தால் கணக்கே வேறு. அங்கே 80 மணி இல்லை; மாத உதவித் தொகையைக் குறைந்தபட்சக் கூலியால் வகுத்தால் வருவதுதான் மணி. 290 டாலர் வாங்குகிறவருக்கு, மத்திய அரசின் 7.25 டாலர் கூலிப்படி 40 மணி. மாநிலக் கூலி 15 டாலராக இருந்தால் 20 மணியைக்கூட எட்டாது. முழங்கால் வலிக்கிற ஆளுக்கு இந்த வித்தியாசம் சின்னதில்லை. உங்கள் மாநிலத்தில் இருக்கிறதா என்று பாருங்கள்.

எழுதும் விதத்துக்கு ஒரு மாதிரி காட்டுகிறேன். படிவங்களில் அடிக்கடி பார்க்கும் வரி: "பயனாளி போக்குவரத்துத் தடையைச் சரிசெய்வார்." எப்படிச் சரிசெய்வார்? பஸ் கம்பெனி வாங்கியா? அதையே இப்படி எழுதலாம்: "12-ஆம் தேதிக்குள் கேஸ் மேனேஜர் மாத பஸ் பாஸ் கொடுப்பார். 14-ஆம் தேதி காலை பயனாளி வீட்டிலிருந்து பயிற்சி மையம் வரை ஒரு முறை போய்ப் பார்த்து, எவ்வளவு நேரம் ஆனது என்று போனில் சொல்வார். ஒன்றேகால் மணிக்கு மேல் ஆனால் வேறு மையம் பார்ப்போம்." யார், எப்போது, நடக்காவிட்டால் அடுத்து என்ன என்று மூன்றும் வந்துவிட்டன. முதல் வேலை உங்கள் பெயரில் இருக்கிறதையும் கவனியுங்கள். பயனாளி செய்ய வேண்டியவை மட்டுமே உள்ள திட்டத்தை அவர் திட்டமாகப் பார்ப்பதில்லை, நிபந்தனையாகத்தான் பார்க்கிறார். நீங்கள் சொன்ன தேதியில் பஸ் பாஸ் கொடுத்தீர்கள் என்றால் அடுத்த சந்திப்புக்கு அவர் வந்துவிடுவார்.

அந்த பஸ் பாஸ் உங்கள் தயவும் இல்லை. பயிற்சிக்கு நியாயமாகவும் அவசியமாகவும் ஆகும் செலவை மாநிலம் ஈடுகட்ட வேண்டும் என்பது விதி: போக்குவரத்து, குழந்தைப் பராமரிப்பு, சீருடை, கருவிகள், புத்தகம், தேர்வுக் கட்டணம். அதில் பாதியை மத்திய அரசு தருகிறது. மாநிலம் வைத்திருக்கும் உச்சவரம்பைச் செலவு தாண்டினால், கட்டாயப் பங்கேற்பாளரை அந்தக் கட்டாயத்திலிருந்தே விலக்க வேண்டும். ஆகவே எந்தப் பயிற்சியையும் எழுதும் முன் அதற்கு ஆகும் செலவைப் பக்கத்தில் எழுதுங்கள்.

இனி அந்தத் தாய். அவருக்கு 3 வயதுக் குழந்தை இருக்கிறது. வேலை தேட வேண்டும், கிடைத்த வேலையை விடக் கூடாது என்று ஸ்னாப் வாங்குகிறவர்களுக்கு இருக்கும் பொது வேலை விதியிலிருந்தே, 6 வயதுக்குக் கீழ் குழந்தையைப் பார்த்துக்கொள்கிறவருக்கு விலக்கு. மூன்று மாதக் கெடுவும் அவருக்கு இல்லை. அவர் தன் விருப்பத்தால் வந்திருக்கிறார். இதை முதல் நிமிடத்திலேயே சொல்லிவிடுங்கள்: "நீங்கள் பாதியில் விட்டாலும் அதற்காகக் கார்டு நிற்காது." பயத்தோடு உட்கார்ந்திருக்கிறவர் காதில் வேறெதுவும் ஏறாது.

கார்டு குறையுமா என்றால், குறையும். மழுப்ப வேண்டாம், கணக்குப் போட்டுக் காட்டுங்கள். சம்பளத்தில் 20 சதவீதத்தைக் கழித்துவிட்டுத்தான் கணக்கு எடுப்பார்கள். மீதியில் 30 சதவீதம் அளவுக்கு உதவி குறையும். அதாவது ஒரு டாலர் சம்பளத்துக்கு 24 சென்ட். வாடகைச் செலவுக் கழிவு வாங்கும் வீடுகளில் அது 36 சென்ட் வரை போகலாம். மாதம் 1,200 டாலர் சம்பளம் என்றால் உதவி 288-லிருந்து 432 டாலருக்குள் குறையும். அப்படிப் பார்த்தாலும் வரி பிடிக்கும் முன் 768 டாலராவது கூடுதலாக இருக்கும். காகிதத்தில் அவர் கண் முன்னால் எழுதிக் காட்டி, அந்தக் காகிதத்தை அவரிடமே கொடுத்துவிடுங்கள். வீட்டுக்குப் போய் அம்மாவிடமோ தங்கையிடமோ காட்டுவார்.

ஆனால் அதோடு நிறுத்தினால் பாதி உண்மைதான் சொன்னதாகும். மொத்த வருமானம் வறுமைக் கோட்டின் 130 சதவீதத்தைத் தாண்டினால் ஸ்னாப் முழுதாக நிற்கலாம். பல மாநிலங்கள் இந்த வரம்பைத் தளர்த்தி 200 சதவீதம் வரை வைத்திருக்கின்றன. குழந்தைப் பராமரிப்பு மானியம், அரசு வீட்டு வாடகை, மெடிகெய்ட் மருத்துவக் காப்பீடு ஆகியவையும் வருமானத்தோடு மாறும். என் பார்வையில், ஸ்னாப் சரிவைவிடக் குழந்தைப் பராமரிப்பு மானியம் நிற்பதுதான் குடும்பங்களைக் கவிழ்க்கிறது. அவர் வாங்கும் ஒவ்வொரு உதவிக்கும் எந்த வருமானத்தில் எது நிற்கும் என்று அந்தந்த அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்வதையே திட்டத்தில் ஒரு வரியாக, உங்கள் பெயரில் எழுதுங்கள்.

நர்சிங் உதவியாளர் பயிற்சிக்கு மத்திய அரசின் குறைந்தபட்சம் 75 மணி நேரம். அதில் 16 மணி நேரம் மேற்பார்வையோடு செய்முறை. பல மாநிலங்கள் இதைவிட அதிகம் கேட்கின்றன. படிப்பு அவருக்குக் கஷ்டமாக இருக்காது. கஷ்டம் கடிகாரத்தில் இருக்கிறது. முதியோர் இல்லங்களில் பகல் ஷிப்ட் பெரும்பாலும் காலை 7 மணிக்குத் தொடங்கும். பராமரிப்பு மையம் ஆறரைக்குத் திறந்தால், 3 வயதுக் குழந்தையை விட்டுவிட்டு, பஸ் பிடித்து, ஏழு மணிக்குள் போய் நிற்க முடியுமா? 7 வயதுக் குழந்தையைப் பள்ளி பஸ்ஸில் யார் ஏற்றுவார்கள்? பயிற்சியில் சேரும் முன்பே இந்த ஒரு காலைப் பொழுதைப் பேசி முடித்துவிடுங்கள். முடியாது என்றால் பிற்பகல் ஷிப்ட், வீட்டுப் பராமரிப்பு, கிளினிக் மாதிரியான இடங்கள் என்று இலக்கைத் திருப்பலாம். சான்றிதழ் வாங்கிவிட்டு ஒரு மாதத்தில் வேலையை விட்டவர்களில் பலர் இந்தக் காலை ஆறரை மணியில்தான் தோற்றிருப்பார்கள்.

நாளைக்கு அவர் கம்யூனிட்டி காலேஜில் நர்சிங் படிக்க ஆசைப்படலாம். அங்கே ஒரு பொறி இருக்கிறது. 18 முதல் 49 வயதுக்குள் இருப்பவர் உயர்கல்வியில் பாதி நேரமாவது சேர்ந்தால், ஏதாவது ஒரு விலக்கு இல்லாமல் ஸ்னாப் கிடைக்காது. இவருக்கு 6 வயதுக்குக் கீழ் குழந்தை இருக்கும் வரை அதுவே விலக்கு. அடுத்து வரும் இளைஞருக்கு அது இருக்காது. ஸ்னாப் பயிற்சித் திட்டத்தின் மூலமாகவே அந்தப் படிப்பில் வைக்கப்பட்டிருக்கிறார் என்றால் அதுவும் விலக்குதான். ஆகவே முதலில் உங்கள் பதிவு, பிறகு காலேஜ் சேர்க்கை. வரிசை மாறினால், நல்லெண்ணத்தோடு நீங்கள் எழுதிய திட்டமே அவர் சாப்பாட்டை நிறுத்திவிடும்.

இருவரையும் அரசு வேலைவாய்ப்பு மையமான உள்ளூர் அமெரிக்கன் ஜாப் சென்டரிலும் சேர்த்து விடுங்கள். 2014-ஆம் ஆண்டின் வியோவா என்ற வேலைவாய்ப்புப் பயிற்சிச் சட்டப்படி, பெரியவர்களுக்கான பயிற்சி நிதியில் அரசு உதவி வாங்குகிறவர்களுக்கு முன்னுரிமை உண்டு. அங்கேயும் ஒரு தனித் திட்டம் எழுதுவார்கள். உங்கள் திட்டமும் அதுவும் ஒரே நாளில் இரண்டு இடத்தில் ஆஜராகச் சொல்லாமல் பார்த்துக்கொள்வது உங்கள் வேலை. பழைய குற்றப் பதிவு யாருக்காவது இருந்தால் அங்கேயே ஃபெடரல் பாண்டிங் பற்றிக் கேளுங்கள். வேலைக்கு எடுப்பவருக்கு முதல் ஆறு மாதத்துக்குச் செலவில்லாமல் காப்புறுதி தரும் திட்டம் அது. தயங்கும் முதலாளியைச் சம்மதிக்க வைக்க உதவும்.

கையெழுத்து வாங்கும்போது படிவத்தை அவர் பக்கம் தள்ளிவிட்டு விரலால் இடத்தைக் காட்டாதீர்கள். சத்தமாக ஒவ்வொரு வரியாகப் படியுங்கள், "இது உங்கள் வாரத்தில் நடக்குமா?" என்று நிறுத்தி நிறுத்திக் கேளுங்கள். எழுத்துக்கூட்டிப் படிக்கிறவர்கள்கூட "படித்துவிட்டேன்" என்றுதான் சொல்வார்கள். மொழி தெரியாதவர் என்றால் மொழிபெயர்ப்பாளரை ஏற்பாடு செய்யுங்கள், கூட வந்த பிள்ளையை வைத்து ஒப்பேற்றாதீர்கள். வர முடியாமல் போனால் யாருக்கு எப்படிச் சொல்ல வேண்டும் என்பதையும் திட்டத்திலேயே எழுதிவிடுங்கள். உடம்பு சரியில்லை, வீட்டில் அவசரம், வண்டி கிடைக்கவில்லை என்பவையெல்லாம் தக்க காரணமாக ஏற்கப்படலாம். ஆனால் யாரிடமும் சொல்லாமல் இருந்தால் பதிவில் அது வெறும் "வரவில்லை" ஆகிவிடும்.

வேலை கிடைத்ததும் கோப்பை மூடும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். பயிற்சியில் இருந்து வேலைக்குப் போனவருக்குக் குறைந்தது 30 நாளும், 90 நாள் வரையிலும் பணித்தொடர்ச்சி உதவி தர விதி இருக்கிறது. முதல் சம்பளம் வரும் வரையிலான பஸ் காசு, திடீரென மாறும் ஷிப்ட், காய்ச்சலில் விழுந்த குழந்தை என எல்லாம் அந்த நாட்களில்தான் வரும். முக்கியமாக ஒன்றை 56 வயதுக்காரரிடம் சொல்லி வையுங்கள்: பொது வேலை விதிக்கு உட்பட்டவர் வாரம் 30 மணி நேர வேலையைத் தக்க காரணம் இல்லாமல் தானாக விட்டால் அதற்கும் தடை உண்டு. முதலாளியிடம் சண்டை போட்டுவிட்டு வெளியே வரும் முன் உங்களுக்கு ஒரு போன் போடட்டும்.

இந்த வாரமே அந்த 56 வயதுக்காரருடைய பழைய திட்டத்தை எடுத்து அந்தப் பத்து விண்ணப்ப வரியை அடித்துவிடுங்கள். மூன்று வரி போதும்: மாதக் கணக்கைக் கேட்டு வாங்குவது உங்கள் பெயரில், முழங்காலுக்கு யாரிடம் காட்டுவது என்பது அவர் பெயரில், அடுத்த சந்திப்பின் தேதி இருவர் பெயரிலும். அந்தத் தேதியை அவருக்குப் பஸ் வசதியான நேரத்தில் வையுங்கள்.